சமைக்காத உணவைத் தொடங்குவோருக்கு: முதல் ஆறு வாரங்கள்

சமைக்காத உணவுக்கு மாற விரும்புகிறவர்களில் பலர் ஒரே நாளில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். காலையில் பழம், மதியம் ஒரு கிண்ணம் வெள்ளரியும் தக்காளியும், இரவில் மீண்டும் பழம் என்று இரண்டு நாட்கள் கழிகின்றன. மூன்றாம் நாள் வயிற்று உப்புசமும் தலைவலியும் தாங்க முடியாத பசியும் சேர்ந்து வருகின்றன. நான்காம் நாள், இந்த உணவுமுறை தமக்கு ஒத்துவராது என்று முடிவுசெய்து பழைய தட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். தொடங்கிய வேகமும் தட்டில் வைத்த அளவும் சரியாக இருந்திருந்தால் இவர்களில் பலர் தொடர்ந்திருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே, ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, ஆறு வாரங்களில் நாளின் இரண்டு வேளைகளைச் சமைக்காத உணவாக்கிக்கொள்ளும் முறையை இங்கே விளக்குகிறேன்.

எல்லையை முதலில் வகுத்துக்கொள்ளுங்கள்

பழங்கள், பச்சையாக உண்ணத்தக்க காய்கள், கீரைகள், கொட்டைகள், விதைகள், முளைகட்டிய பயறுகள் ஆகியவற்றையே சமைக்காத உணவு என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். இம்முறையைப் பின்பற்றுவோர் உணவை ஏறத்தாழ 40 முதல் 48 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவதில்லை; எந்த வெப்பநிலையில் நிறுத்துவது என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பச்சைப் பால், பச்சை முட்டை, பச்சை இறைச்சி ஆகியவற்றையும் சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள். சால்மோனெல்லா, லிஸ்டீரியா, ஈ.கோலை போன்ற கிருமிகள் இவற்றின் வழியாக எளிதில் உடலுக்குள் நுழையக்கூடும் என்பதால், புதியவர்கள் அவற்றைத் தொடவே வேண்டாம் என்பேன்.

இம்முறை நேற்று முளைத்ததன்று. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் மாக்சிமிலியன் பிர்ச்சர்-பென்னர் 1904-ஆம் ஆண்டு ஸூரிச் நகரில் ஒரு சிகிச்சை விடுதியைத் திறந்து, பழங்களையும் பச்சைக் காய்களையும் நோயாளிகளின் உணவில் முதன்மையாக வைத்தார். ஊறவைத்த ஓட்ஸ், துருவிய ஆப்பிள், கொட்டைகள், எலுமிச்சைச் சாறு ஆகியவை சேர்ந்த மியூஸ்லி அவர் தந்த உணவுதான். இன்று நமக்குக் கிடைக்கும் தட்டை ஓட்ஸ் ஆலையிலேயே நீராவியில் வெந்துவிடுகிறது. "பச்சை முந்திரி" என்று விற்கப்படுவதும் ஓட்டிலுள்ள எரிச்சலூட்டும் எண்ணெயை நீக்குவதற்காக வெப்பத்தைக் கடந்து வந்ததே. எனவே ஒவ்வொரு பொருளும் நூறு விழுக்காடு பச்சையா என்று ஆராய்வதில் தொடக்க நாட்களின் ஆற்றலைச் செலவிட வேண்டியதில்லை.

சமைக்காத உணவைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றில் எவை உறுதியானவை என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. வைட்டமின் சி, ஃபோலேட், பி1 ஆகியவை வெப்பத்தால் குறைகின்றன. வேகவைத்த நீரில் கரைந்தும் வெளியேறுகின்றன. முட்டைகோஸ், ப்ராக்கோலி வகைக் காய்களை நறுக்கும்போது அவற்றிலுள்ள ஒரு என்சைம் செயல்பட்டுப் பயனுள்ள கந்தகச் சேர்மங்களை உருவாக்குகிறது. நீண்ட நேரம் வேகவைத்தால் அந்த என்சைம் செயலிழக்கிறது. மாறாக, தக்காளியிலுள்ள லைகோபீனும் கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினும் சமைக்கும்போதுதான் உடலுக்கு எளிதாகக் கிடைக்கின்றன. பச்சை உணவிலுள்ள என்சைம்கள் நமக்காகச் செரிமானத்தைச் செய்துதருகின்றன என்ற பரவலான கூற்றை நான் ஏற்பதில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றை இரைப்பையின் அமிலம் சிதைத்துவிடுகிறது. செரிமானத்துக்கு வேண்டிய என்சைம்களைக் கணையமும் சிறுகுடலும் தாமே சுரக்கின்றன. சமைத்த உணவு "செத்த உணவு" என்ற அச்சத்துடன் இம்முறைக்குள் நுழைகிறவர்கள், விரைவில் எல்லா உணவையும் கண்டு அஞ்சத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த அச்சமே ஒரு நோயாக வளரக்கூடும் என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

முழுக்க முழுக்கப் பச்சை உணவில் நீண்ட காலம் இருப்பவர்களிடம் என்ன நிகழ்கிறது என்பதற்கும் சான்று உண்டு. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய 513 பேரிடம் நடத்திய கேள்வித்தாள் ஆய்வு 1999-இல் வெளியானது. எடை வெகுவாகக் குறைந்திருந்ததோடு, 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறியோ முற்றிலும் நின்றோ போயிருந்தது; உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் பச்சையாக உண்டவர்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. இதனால்தான் மூன்று வேளைகளில் இரண்டை மட்டும் மாற்றிக்கொண்டு, ஒரு வேளையைச் சமைத்த உணவுக்கு விட்டுவைக்கும்படி பரிந்துரைக்கிறேன். அந்த ஒரு வேளையில்தான் பருப்பும் பயறும் தானியமும் கிழங்கும் உள்ளே வருகின்றன.

மருத்துவரிடம் முதலில் பேச வேண்டியவர்கள்

குழந்தைகளுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், ஏற்கெனவே எடை குறைந்தவர்களுக்கும், உணவைக் கட்டுப்படுத்தும் மனநோயிலிருந்து மீண்டவர்களுக்கும் இந்த மாற்றத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அவர்கள் வழக்கமான உணவோடு பழமும் சாலட்டும் கூட்டிக்கொண்டால் போதும்.

மருந்து உட்கொள்வோர் தனிக் கவனம் செலுத்த வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் திடீரெனக் கீரையைப் பல மடங்கு கூட்டினால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால், இரத்தச் சர்க்கரை அபாயகரமான அளவுக்கு இறங்கக்கூடும். சிறுநீரக நோயாளிகளுக்குப் பழங்களிலும் கீரைகளிலும் உள்ள பொட்டாசியமே ஆபத்தாக முடியலாம்; சிறுநீரகக் கல் வந்தவர்கள், கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட் என்ற சேர்மம் மிகுந்த பாலக்கீரையை நாள்தோறும் அரைத்துக் குடிக்கக் கூடாது. இவர்கள் அனைவரும் முதல் வாரத்தைத் தொடங்கும் முன்பே தம் மருத்துவரிடம், எதைக் கூட்டப்போகிறோம், எதைக் குறைக்கப்போகிறோம் என்று விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும்.

சமையலறையில் தேவைப்படுவன

கூர்மையான கத்தி, நறுக்கும் பலகை, துருவி, சாதாரண மிக்ஸி, வாயகன்ற இரண்டு கண்ணாடிச் சாடிகள், மெல்லிய பருத்தித் துணி, மூடியுள்ள சில டப்பாக்கள் ஆகியவை போதும். குளிர்முறைச் சாறு பிழியும் கருவி, உலர்த்தும் கருவி போன்றவற்றை ஆறு வாரம் முடியும்வரை வாங்காதீர்கள். சாறு பிழியும்போது நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது, பழச் சர்க்கரை மட்டும் விரைவாக உடலுக்குள் சேர்கிறது. பழத்தைக் கடித்து உண்பதையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: காலை உணவு மட்டும்

முதல் வாரத்தில் காலை உணவை மட்டும் மாற்றுங்கள். மற்ற இரு வேளைகளும் வழக்கம்போலவே இருக்கட்டும். முந்தைய இரவு 30 கிராம் பாதாமை நீரில் ஊறவைத்துவிடுங்கள். காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டு, இரண்டு வாழைப்பழம், ஓர் ஆப்பிள், ஊறிய பாதாம், பொடித்த ஆளி விதை ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றை ஒரு கிண்ணத்தில் சேர்த்து உண்ணுங்கள். இது ஏறத்தாழ 530 கலோரி தரும் உணவு என்பதால் மதியம்வரை தாங்கும். பாதாமையும் ஆளி விதையையும் விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் உண்டால் கலோரி ஏறத்தாழ 300-ஆகக் குறைந்துவிடும். பத்து மணிக்கெல்லாம் பசி வந்துவிடும். ஆளி விதையை முழுதாக விழுங்கினால் அதில் பெரும்பகுதி செரிக்காமலேயே வெளியேறிவிடும். ஆகவே, சிறிதளவாகப் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

பழங்களை மாற்றிக்கொள்ளலாம், கொட்டைகளையும் மாற்றிக்கொள்ளலாம். இனிப்பும் கொழுப்பும் நாரும் ஒரே கிண்ணத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.

இரண்டாம் வாரம்: சமைத்த உணவுக்கு முன் ஒரு கிண்ணம்

இரண்டாம் வாரத்தில், மதிய உணவுக்குப் பத்து நிமிடம் முன்பாக ஒரு கிண்ணம் பச்சைக் காய்களை உண்ணத் தொடங்குங்கள். முதல் இரண்டு நாட்களுக்கு 100 கிராம் போதும். வார இறுதியில் 200 கிராமுக்கு உயர்த்தலாம். நார்ச்சத்து நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம்வரை தேவை என்று பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இதுவரை அதில் பாதியையே உண்டு பழகிய குடலுக்கு ஒரே நாளில் முழு அளவையும் கொடுத்தால் வாயுவும் வலியும் வருவது இயல்பு. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புதிய உணவுக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். நார் கூடும்போது நீரும் கூட வேண்டும்.

பச்சைக் காய் ருசிக்கவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதைப் பெரிய துண்டுகளாக நறுக்கி, எதுவும் சேர்க்காமல் உண்பவர்கள். முட்டைகோஸை நூல்போல மெல்லியதாகச் சீவி, ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டு, இரண்டு நிமிடம் கையால் நன்றாகப் பிசைந்து, கால் மணி நேரம் அப்படியே வைத்துப் பாருங்கள். நார் இளகி, காரநெடி தணிந்து, மெல்லுவதற்கு இதமாகிவிடும். கேரட்டையும் பீட்ரூட்டையும் துருவுங்கள். வெள்ளரியையும் தக்காளியையும் உண்பதற்குச் சற்று முன்பு மட்டும் நறுக்குங்கள், இல்லையேல் நீர்விட்டுச் சவசவத்துப்போகும். பூண்டு சேர்ப்பதானால் நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து சேருங்கள். அதற்குரிய சேர்மம் உருவாக அந்த இடைவெளி தேவை.

கிண்ணத்தில் கொழுப்பு கட்டாயம் இருக்க வேண்டும். எள்ளை அரைத்த விழுதோ, ஆலிவ் எண்ணெய் ஒரு தேக்கரண்டியோ, அரை அவகாடோவோ சேர்த்தால்தான் கரோட்டின் வகைச் சத்துகளும் வைட்டமின் கே-யும் உடலில் சரியாக உறிஞ்சப்படும். கொழுப்பில்லாத சாலட்டை உண்டு உடலுக்கு நன்மை செய்துவிட்டதாக நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடினமான பாதியைச் செய்துவிட்டு எளிதான பாதியை விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாம் வாரம்: முளைகட்டுதல்

பாசிப்பயற்றிலிருந்து தொடங்குங்கள், எளிதில் முளைப்பதும் எளிதில் செரிப்பதும் அதுவே. உணவுக்கென விற்கப்படும் பயற்றை மட்டும் வாங்குங்கள், ஏனெனில் விதைப்புக்கான விதைகளில் பூச்சிமருந்து கலந்திருக்கக்கூடும். கால் கோப்பைப் பயற்றைப் பொறுக்கி, மூன்று முறை அலசி, சாடியில் நிறைய நீர் ஊற்றி 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு நீரை முழுமையாக வடித்து, சாடியின் வாயைத் துணியால் கட்டி, எஞ்சிய நீர் சொட்டிவிடும் வகையில் சாய்த்து வையுங்கள். நாளுக்கு மூன்று முறை அலசி வடியுங்கள். வெப்பத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று நாட்களில் முளை வந்துவிடும். முளை ஒரு சென்டிமீட்டர் அளவு நீண்டதும் கடைசியாக ஒருமுறை அலசி, நன்கு வடித்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாட்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். வழவழப்போ புளித்த வாடையோ வந்தால் முழுவதையும் எறிந்துவிடுங்கள். கழுவி மீட்க முயலாதீர்கள்.

முளைகளைப் பொறுத்தவரை மறைக்கக் கூடாத ஓர் உண்மை உண்டு. விதை முளைப்பதற்கு வேண்டிய ஈரமும் இளஞ்சூடும் கிருமிகள் பெருகுவதற்கும் மிக ஏற்றவை. விதையின் மேல்தோலின் நுண்ணிய பிளவுகளுக்குள் கிருமி இருந்தால் எவ்வளவு கழுவினாலும் போகாது. 2011-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஈ.கோலை தொற்று பரவி 50-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அதன் மூலமாக வெந்தய முளைகளே கண்டறியப்பட்டன. அதனால், முளைகளை இரண்டு மூன்று நிமிடம் ஆவியில் நன்றாகச் சூடேற்றி உண்ணும்படி புதியவர்களுக்கு நான் சொல்கிறேன். அவ்வாறு செய்தால் அது இலக்கணப்படி "சமைக்காத உணவு" ஆகாதுதான். முளைகட்டுவதால் கிடைக்கும் பயன்களில் பெரும்பகுதி அதன்பிறகும் எஞ்சியிருக்கும் என்பதால் அதைப் பெரிய இழப்பாக நான் கருதவில்லை. முதியவர்களும் நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்களும் பச்சை முளைகளை அறவே தவிர்க்க வேண்டும்.

நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம்வரை: இரண்டாவது வேளையும் கலோரிக் கணக்கும்

இப்போதுதான் இரண்டாவது வேளையை முழுமையாக மாற்றுகிறீர்கள். பெரும்பாலோர் தடுமாறும் இடமும் இதுவே, ஏனெனில் கண் காணும் அளவுக்கும் உடல் பெறும் ஆற்றலுக்கும் இங்கே பெரும் இடைவெளி உண்டு. 100 கிராம் வெள்ளரியில் 15 கலோரியும், தக்காளியில் 18-ம், பாலக்கீரையில் 23-ம், கேரட்டில் 41-ம், ஆப்பிளில் 52-ம், வாழைப்பழத்தில் ஏறத்தாழ 90-ம் உள்ளன. நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் அதை வெள்ளரியிலிருந்தே பெற முனைந்தால் 13 கிலோவுக்கு மேல் உண்ண வேண்டியிருக்கும். மறுபக்கம், அதே 100 கிராமில் அவகாடோ 160, பேரீச்சம்பழம் ஏறத்தாழ 280, தேங்காய் 350, பாதாமும் எள்ளும் சூரியகாந்தி விதையும் 570 முதல் 585, வால்நட் 650 என்ற அளவில் கலோரி தருகின்றன. வயிறு நிறைந்தும் உடல் பட்டினி கிடப்பதும், அளவின்றிக் கொட்டைகளைக் கொறித்து எடை கூடுவதும் ஆகிய இரண்டுமே இம்முறையில் நிகழக்கூடியவை.

நான் தொடங்கிய காலத்தில் இந்தக் கணக்கைப் போடவில்லை. மூன்று வாரங்களில் நான்கு கிலோ குறைந்ததைக் கண்டு மகிழ்ச்சியடைந்தேன்; கைகால்கள் எந்நேரமும் குளிர்ந்திருப்பதையும், மாடிப்படி ஏறும்போது கண் இருள்வதையும் உடல் "சுத்தமாவதன்" அறிகுறி என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னதை நம்பினேன். பின்னர் ஒரு வாரம் உண்டதையெல்லாம் எடைபோட்டு எழுதிப் பார்த்தபோது நாளுக்கு 1100 கலோரிக்கு மேல் நான் உண்ணவே இல்லை என்பது தெரிந்தது. கழிவு நீங்குவதாகச் சொல்லப்படும் பல அறிகுறிகள் பசியின் அறிகுறிகளே என்பதை அன்று புரிந்துகொண்டேன். எனவே நான்காம் வாரத்தில் ஏழு நாட்களுக்கு மட்டுமாவது சமையலறைத் தராசில் எடைபோட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகு கண்ணே அளவைச் சொல்லிவிடும்.

இரண்டாவது வேளைக்கு ஒரு மாதிரி தருகிறேன். கேரட், முட்டைகோஸ், தக்காளி, வெள்ளரி, ஏதேனும் ஒரு கீரை எல்லாம் சேர்ந்து 300 கிராம், முளைகட்டிய பாசிப்பயறு 100 கிராம், அரை அவகாடோ, சூரியகாந்தி விதை 30 கிராம், ஆலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகு. இது ஏறத்தாழ 520 கலோரி. காலை உணவோடு சேர்த்தால் 1050 ஆகிறது. மீதியைச் சமைத்த ஒரு வேளையும் இடையில் உண்ணும் பழமும் பேரீச்சம்பழமும் நிறைவு செய்ய வேண்டும். விதைகளும் கொட்டைகளும் நாளுக்கு 60 கிராம் என்ற அளவில் நின்றுகொண்டால் பெரும்பாலோருக்குப் போதும். புரதத்தைப் பொறுத்தவரை, 100 கிராம் பாசிப்பயறு முளையில் 3 கிராம் மட்டுமே உள்ளது. முளையில் பெரும்பகுதி நீர். ஆகவே சமைத்த வேளையில் பருப்பையோ பயற்றையோ குறைத்துவிடாதீர்கள்.

ஐந்தாம் வாரமும் ஆறாம் வாரமும் புதிதாக எதையும் சேர்ப்பதற்கானவை அல்ல, இதையே நிலைப்படுத்துவதற்கானவை.

பச்சையாக உண்ணக் கூடாதவை

"இயற்கையில் விளைந்ததெல்லாம் பச்சையாக உண்ணத்தக்கதே" என்று எண்ணுவது தவறு. அந்தத் தவறு உயிரையே பறிக்கக்கூடும். தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள உருவாக்கும் நச்சுகள் பலவற்றை நம் அடுப்புதான் அழித்துத் தருகிறது.

ராஜ்மா இவற்றில் முதன்மையானது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதத்தால், நான்கைந்து பச்சை விதைகளை உண்டாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். முளைகட்டினாலும் அது முழுமையாக நீங்காது. நன்றாக ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்டு முழுமையாக வேகவைக்க வேண்டும். குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக வெந்தது பச்சையைவிட மோசமாகவும் இருக்கலாம். சோயாவிலுள்ள பொருள்கள் புரதம் செரிப்பதையே தடுக்கின்றன என்பதால் அதையும் வேகவைத்தே உண்ண வேண்டும்.

மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாக மெல்லும்போது சயனைடு வெளிப்படுகிறது. கசப்பு பாதாமிலும் ஆப்ரிகாட் பருப்பிலும் இதே அபாயம் உண்டு. சேப்பங்கிழங்கு வகைகளிலுள்ள ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்கள் வாயையும் தொண்டையையும் குத்தி வீங்கச்செய்யும். உருளைக்கிழங்கின் பச்சை மாவுச்சத்து எளிதில் செரிக்காது. பச்சை நிறம் ஏறிய அல்லது முளைவிட்ட உருளைக்கிழங்கில் சோலனின் என்ற நச்சு மிகுந்திருக்கும், அது சமைத்தாலும் பெரிதாகக் குறையாது என்பதால் எறிந்துவிட வேண்டும். காட்டுக் காளான்களைப் பற்றி நான் விவாதிக்கவே விரும்பவில்லை, தொடாதீர்கள்.

வெள்ளரி, சுரைக்காய் இனத்தைச் சேர்ந்த காய்கள் வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நச்சு அதில் கூடியிருக்கிறது என்பதற்கு அக்கசப்பே அடையாளம். சாறாக அரைக்கும் முன் ஒவ்வொரு காயிலும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உடல்நலத்துக்கு நல்லது என்று எண்ணிக் கசப்பைப் பொறுத்துக்கொண்டு சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். பூஞ்சை வாடை அடிக்கும் கொட்டைகளையும் அவ்வாறே விலக்குங்கள். அவற்றில் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்லாடாக்சின் இருக்கலாம்.

கழுவுதலும் வைத்திருத்தலும்

சமைக்கும் உணவில் நம் கவனக்குறைவை வெப்பம் ஓரளவு ஈடுசெய்கிறது. பச்சை உணவில் அந்தப் பாதுகாப்பு இல்லை. முதலில் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். காய்களையும் பழங்களையும் ஓடும் நீரில், தோல் கடினமாக இருந்தால் தூரிகையால் தேய்த்து, தோலை உரிப்பதற்கு முன்பே கழுவுங்கள். இல்லாவிட்டால் தோலிலுள்ள கிருமியைக் கத்தி உள்ளே கொண்டுசெல்லும். காய்களுக்குச் சோப்பு வேண்டாம், அது உள்ளே ஊடுருவி நிற்கும். கீரையை இலை இலையாகப் பிரித்து அகன்ற பாத்திரத்து நீரில் அலசி, மண் அடியில் தங்கியதும் கீரையை மேலாக அள்ளி எடுத்து, பிறகு ஓடும் நீரில் ஒருமுறை காட்டி, சுத்தமான துணியில் ஈரத்தை ஒற்றி எடுங்கள். இறைச்சி நறுக்கும் பலகையையும் கத்தியையும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது. நறுக்கியவற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல், 5 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான குளிரில் வைத்து, மறுநாளுக்குள் உண்டுவிடுங்கள்.

தட்டில் கிடைக்காத சத்துகள்

பால், முட்டை, இறைச்சி எதுவும் உண்ணாதவர்கள் பி12 வைட்டமினை மாத்திரையாகவோ, அது சேர்க்கப்பட்ட உணவாகவோதான் பெற முடியும். பழம், காய், கீரை, கொட்டை, முளை எதிலும் நம்பத்தக்க அளவில் அது இல்லை. ஸ்பைருலினாவில் இருப்பதாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி மனித உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் குறை உடனே தெரியாது. விரல்களில் மரமரப்பும் மறதியும் தோன்றும்போது நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கலாம், அப்பாதிப்பு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். இவ்விஷயத்தில் கொள்கை பேசி மாத்திரையை மறுப்பவர்களுடன் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

இரும்புச்சத்துக்காக உண்ணும் கீரையோடும் விதையோடும் எலுமிச்சை, ஆரஞ்சு, கொய்யா, குடைமிளகாய் ஆகியவற்றில் ஒன்றைச் சேருங்கள். வைட்டமின் சி அதன் உறிஞ்சுதலைக் கூட்டுகிறது. தேநீரையும் காபியையும் உணவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். அயோடின் சேர்த்த உப்பையே பயன்படுத்துங்கள். வைட்டமின் டி-க்கு வெயிலோ மாத்திரையோ வேண்டும். எவ்வளவு என்பதை இரத்தப் பரிசோதனையே சொல்லும்.

பல்லும் குடலும் எடையும்

நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பழம் கொறிப்பது பல்லின் மேற்பூச்சுக்குக் கேடு. ஆரஞ்சு, அன்னாசி, திராட்சை போன்ற புளிப்புப் பழங்களை உணவு வேளையோடு சேர்த்து உண்டு முடித்து, வாயை நீரால் கொப்பளியுங்கள். அமிலம் பட்டு மென்மையாகியிருக்கும் பல்லைத் தேய்த்தால் மேற்பூச்சு மேலும் தேயும் என்பதால், குறைந்தது அரை மணி நேரம் கழித்தே பல் துலக்குங்கள்.

உப்புசம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், முந்தைய வாரத்தின் அளவுக்குத் திரும்பி அங்கே பத்து நாட்கள் நில்லுங்கள். முட்டைகோஸ், பச்சை வெங்காயம், முளைகள் ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் கண்டறியுங்கள். எடையை வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் உண்பதற்கு முன் பார்த்து எழுதுங்கள். எடை குறைக்கும் நோக்கம் இல்லாதவருக்கு ஒரு மாதத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்தாலும், மாதவிடாய் தள்ளிப்போனாலும், முடி கொத்தாக உதிர்ந்தாலும், எந்நேரமும் குளிர்ந்தாலும், நின்றவுடன் தலைசுற்றினாலும், இரண்டாவது வேளையை அன்றே சமைத்த உணவாக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தொடங்கும் முன் ஒருமுறையும் மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்து, இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஃபெரிட்டின் இறங்கியிருந்தால் சமைத்த வேளையில் பயற்றின் அளவைக் கூட்டவோ இரும்பு மாத்திரை எடுக்கவோ வேண்டியிருக்கும். எதை என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.